தலையணை உறைக்குள் மூன்று தாள்

இரத்தத்தில் உப்புக் குறைந்துபோய் ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் கிடந்தேன் என்று சொன்னால் எங்கள் பக்கத்து ஆட்கள் சிரிப்பார்கள். நான் பிறந்தது ஆனையிறவு உப்பளத்துக்குக் கிட்ட. காற்றை நக்கினாலே கரிக்கும் இடம். அப்படிப்பட்டவளுக்கு ரொறன்ரோவுக்கு வந்த பிறகு உப்புப் போதாமல் போய்விட்டது.

முதியோர் சங்கத்தில் இதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நாலு பேருக்கு முன்னால் எனக்கு வாய் வராது, மாட்டேன் என்றேன். எழுதித் தந்தால் மலரில் போடுகிறோம் என்றார்கள். ஐந்தாம் வகுப்புவரை படித்தவள் நான். எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள். நான் செய்த பிழையை மட்டும் திருத்தாமல் அப்படியே போடுங்கள்.

நாங்கள் இருப்பது ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில். மகன் தயாபரனுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. மருமகள் வசந்திக்குப் பகல் வேலை. பிள்ளைகள் பள்ளிக்கூடம். பகலில் மகன் மேலே நித்திரை கொள்ள, நான் கீழே சத்தம் போடாமல் சமைப்பேன், துவைப்பேன், சாமிக்கு விளக்கு வைப்பேன். என் வேலையை நானே செய்வேன்.

எங்கள் குடும்ப டொக்டர் இந்தியாத் தமிழர். அவருடைய பேச்சு எனக்குப் பாதிதான் பிடிபடும். என்னுடையது அவருக்கும் அப்படித்தான். அதனால் அவரிடம் சொன்னது கொஞ்சம், சொல்லாமல் விட்டது அதிகம். பனி தொடங்கும் முன் ஒருநாள் பிறஷர் கூடியிருக்கிறது என்று ஒரு சின்ன வெள்ளைக் குளிசை தந்தார். அது தண்ணீர்க் குளிசை. உடம்பிலிருக்கிற மேலதிகத் தண்ணீரையும் உப்பையும் சிறுநீரோடு வெளியே அனுப்பிவிடும். “உப்பக் கொறைச்சுக்கோங்கம்மா” என்றார். மூன்று கிழமை கழித்து இரத்தம் சோதிக்க ஒரு துண்டும் எழுதித் தந்தார். அந்தத் துண்டைக் கலண்டருக்குப் பின்னால் செருகினேன். இரத்தம் கொடுக்கப் போவதென்றால் மகன் நித்திரையை விட்டுக் கார் ஓட்டவேண்டும். அவனிடம் நான் சொல்லவேயில்லை.

உப்பைக் குறைக்கச் சொன்னதற்கு நான் அடியோடு நிறுத்திவிட்டேன். விரதக்காரிக்குக் குறைக்கத் தெரியாது. பிடித்தால் முழுதாகப் பிடிக்கத்தான் தெரியும். எனக்கென்று தனிச் சட்டியில் உப்பில்லாக் கறி வைத்தேன். கோயிலில் ஒரு மனுசி, மருந்து குடிக்கிறவர்கள் நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும் என்றாள். அதையும் விரதம் மாதிரியே பிடித்தேன். செம்பு செம்பாகக் குடித்தேன்.

ஒரு மாதத்தில் தலை மிதக்கத் தொடங்கியது. சோறு வாய்க்குள் போகாது, போனாலும் நிற்காது. பால் பெட்டியைச் சப்பாத்துத் தட்டில் வைத்துவிட்டு பிரிஜ்ஜுக்குள் தேடியிருக்கிறேன். செத்துப்போன என் தமையன் வாசலில் நிற்கிறார், கதவைத் திற என்று வசந்தியிடம் சொன்னேனாம். அடுத்தநாள் படியில் விழுந்தேன். அம்புலன்ஸ் வந்தது என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவிருப்பது கூரையில் ஓடிய வெளிச்சங்கள் மட்டும்.

இரத்தத்தில் சோடியம் என்று ஒன்று இருக்கிறதாம். நாங்கள் உப்பு என்று சொல்வதுதான். அது அளவுக்குக் கீழே இறங்கினால் மூளை தண்ணீரை உறிஞ்சி ஊறிவிடும், ஆள் பிதற்றும், வலிப்புக்கூட வரும். திரும்ப ஏற்றுவதையும் அவசரப்பட்டுச் செய்யக்கூடாதாம். ஏற்றினால் மூளைக்குக் கேடு. அதனால் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை கையைக் குத்தி இரத்தம் எடுத்தார்கள். தண்ணீர் கூடினால் உப்பு இன்னும் கரைந்து இறங்குமாம், அதனால் தண்ணீர் தர மறுத்தார்கள்.

அதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். நா ஒட்டிப்போய்க் கிடந்து “தண்ணி, தண்ணி” என்று கேட்டேன். நேர்ஸ் தலையை ஆட்டிவிட்டு, மருந்துக் கிண்ணத்தில் மூன்று ஐஸ் துண்டு கொண்டுவந்து வைத்தாள். எதிரிக்குக்கூடத் தண்ணீர் இல்லை என்று சொல்லாத இனத்தில் பிறந்தவள் நான். என் மகன் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“தம்பி, ஒரு வாய் தண்ணி தா.”

“தரக்கூடாதாம் அம்மா. உங்கட நன்மைக்குத்தான்.”

அந்த வார்த்தையோடு எனக்குச் சந்தேகம் பிடித்தது. நன்மைக்குத்தான் என்று சொல்லிக்கொண்டு ஏதோ செய்யப் போகிறார்கள்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ மஞ்சள் கோப்போடு ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தாள். வயதானவர்களைச் சோதித்து, வீட்டில் இருக்கலாமா, உதவி வேண்டுமா, நேர்சிங் ஹோமுக்குப் போகவேண்டுமா என்று பார்க்கிற அலுவலகத்திலிருந்து வந்தவள். முகம் நல்ல முகம்தான். அதுவே எனக்குப் பயம். மகன் மொழிபெயர்த்தான்.

இது எந்த இடம் என்று கேட்டாள். சாவகச்சேரி என்றேன். தாளில் மணிக்கூடு ஒன்று கீறச் சொன்னாள். வட்டம் கீறி, பன்னிரண்டு எண்ணையும் ஒரு பக்கத்தில் குவித்துவைத்தேனாம். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள். “இவளுக்கு ஏன் கணக்கு?” என்று கேட்டேனாம். இதெல்லாம் உண்மை. அந்த நேரம் என் புத்தி என்னிடம் இல்லை.

பிறகு அவள் கேட்டவைதான் வேறு கதை. குளிக்க ஆர் உதவி, மலசலகூடத்துக்குத் தனியாகப் போவாரா, உடுப்பு ஆர் மாற்றிவிடுவது? பெற்ற மகன் அந்தக் கேள்விகளைத் தமிழில் கேட்க, நான் என்ன சொல்வது? தலையைக் குனிந்துகொண்டேன். அவன் தானே பதில் சொன்னான். எனக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் ‘வைஃப்’ என்ற சொல் தெரியும். ஒவ்வொரு பதிலிலும் அது வந்தது. அவள் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு கோடு போட்டாள்.

“என்ன சொன்னனீ?” என்று பிறகு கேட்டேன்.

“வசந்திதான் உங்களை எல்லாம் பாக்கிறா எண்டு சொன்னன்.”

“ஏன் பொய் சொன்னனீ? நான்தானே உங்கள் எல்லாருக்கும் சமைக்கிறன்!”

“சும்மா இருங்கோ அம்மா. தாயைச் சமைக்க விட்டுட்டு மேல படுக்கிறான் எண்டு நினைப்பாள். எங்களுக்கு மரியாதை இல்லையோ?”

அந்த மரியாதைதான் என்னை ஒன்றும் செய்யமாட்டாத ஆளாக அந்தக் கோப்புக்குள் எழுதிவைத்தது.

பக்கத்துக் கட்டிலில் ஓர் இத்தாலிக்காரக் கிழவி. இருவருக்கும் பொதுவாக ஒரு சொல் கிடையாது. காலையில் அவள் செபமாலையை உருட்டுவாள், நான் திருநீறு பூசுவேன், முடிந்ததும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டுவோம். அவள் மாதக்கணக்காக நேர்சிங் ஹோமில் இடத்துக்குக் காத்திருக்கிறாள் என்று ராணிதான் சொன்னாள். ராணி அந்த வாட்டுக்குச் சாப்பாட்டுத் தட்டுக் கொண்டுவருகிற பிள்ளை, எங்கள் ஆள். வாய் ஓயாது.

“அம்மா, உங்கட தட்டில மட்டும் ரெண்டு உப்புப் பக்கெற் வச்சிருக்கினம். இந்த வாட்டிலயே உப்புக்கு அனுமதி உங்களுக்குத்தான். மற்ற ஆக்கள் எல்லாம் உங்களைப் பொறாமையில பாக்கினம்!”

அன்று நான் சிரித்தேன். மறுநாள் காலை இரண்டு பேர் தள்ளுகட்டிலோடு வந்தார்கள். இத்தாலிக்காரியின் உடுப்புகளை ஒரு பிளாஸ்ரிக் பையில் அடைத்தார்கள், செபமாலையையும் அதற்குள் போட்டார்கள். அவள் அழவில்லை. என்னைப் பார்த்துத் தலையாட்டினாள், எப்போதும் ஆட்டுகிற மாதிரி. ஒருமணி நேரத்தில் அந்தக் கட்டிலுக்குப் புது விரிப்பு விரித்துவிட்டார்கள்.

அன்று பின்னேரம் மஞ்சள் கோப்புக்காரி வாசலில் நின்று மகனோடு கதைத்தாள். ‘நேர்சிங் ஹோம்’ கேட்டது. ‘விட்பி’ கேட்டது. விட்பி எங்கே என்று எனக்குத் தெரியும். வசந்தியின் சிநேகிதி வீடு வாங்கிப் போன இடம். காரில் போகவே அலுப்பு வரும். மகன் ஏதோ கேட்டான். அவள் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். ஒரு நீளக் கடித உறையை அவனிடம் கொடுத்தாள்.

“அது என்ன தம்பி?”

“ஒண்டுமில்லை. எங்கட டொக்டர் நிரப்பித் தரவேண்டிய ஃபோமாம்.”

டொக்டரும் இதற்குள் இருக்கிறாரா? அப்போதுதான் எனக்கு எல்லாம் பொருந்தியது. குளிசை தந்தவர் அவர். விழுந்தது நான். தண்ணீர் மறித்தவர்கள் இவர்கள். இனி அவர் கையெழுத்துப் போட, இவள் கோப்பை மூட, என்னையும் ஒரு பிளாஸ்ரிக் பையில் அடைத்து விட்பிக்கு அனுப்புவார்கள். அவர் எழுதி, இவள் வாசித்து, ரெலிபோனில் கதைத்து முடிவெடுப்பார்கள். நடுவில் நான் எங்கே?

மகன் ஜக்கற்றைக் கதிரையில் கொழுவிவிட்டு, கதிரையிலேயே நித்திரையாகிப்போனான். இரவு முழுக்க வேலை செய்த பிள்ளை. வாய் திறந்திருந்தது. நான் கையை நீட்டி உள்பைக்குள்ளிருந்து உறையை எடுத்தேன். வாழ்க்கையில் நான் ஒருவருடைய பொருளையும் எடுத்ததில்லை. என் தலையணை வீட்டிலிருந்து கொண்டுவந்தது. ஆஸ்பத்திரித் தலையணையில் ஆர் ஆர் தலை வைத்தார்களோ என்று வசந்தியிடம் கேட்டு வாங்கிக்கொண்டது. நேர்ஸ்மார் அதைத் தொடுவதில்லை. அதன் உறைக்குள் மூன்று தாளும் போயின. ஐந்து நாள் அதன்மேல் படுத்தேன். தலையைத் திருப்பும்போதெல்லாம் சரசரக்கும்.

மகன் தேடியிருக்கிறான். காருக்குள், வேலையிடத்து லொக்கருக்குள். என்னிடம் கேட்கவில்லை. தொலைத்துவிட்டேன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல வெட்கப்பட்டு, டொக்டரிடம் கொடுத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறான். அதனால் அவள் டொக்டரின் பதிலுக்குக் காத்திருந்தாள். டொக்டர் இப்படியொரு ஃபோம் இருப்பதே தெரியாமல் இருந்தார்.

இதற்கிடையில் எனக்கு உப்பு ஏறிவிட்டது. புத்தி, பனிமூட்டம் கலைகிற மாதிரி, திரும்பி வந்தது. யன்னலுக்கு வெளியே கார் தரிப்பிடம் தெரிந்தது. நானே எழும்பி நடந்தேன். ஆனால் கோப்புக்குள் பழைய ஆள்தான் இருந்தாள்.

புதன்கிழமை மத்தியானம் ராணி தட்டை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“அம்மா, கேள்விப்பட்டனான். நாளைக்கு உங்களைப் பற்றிக் கூடிக் கதைக்கப் போகினமாம். உங்கட டொக்டரிட்டயிருந்து கடிதம் வரேல்லை எண்டு அந்த மனுசி நேர்ஸிட்டச் சொல்லிக்கொண்டு நிண்டவ.”

“வராட்டில் நல்லதுதானே. கையெழுத்து இல்லாமல் அனுப்பேலாது.”

“ஐயோ, விளங்காமல் கதைக்காதேங்கோ. விழுறதுக்கு முந்தி நீங்கள் எப்பிடி இருந்தனீங்கள் எண்டு இவைக்கு என்ன தெரியும்? இவை கண்டது பிதற்றின ஆளைத்தானே. முந்தி நல்லாத்தான் இருந்தவ எண்டு எழுதக்கூடிய ஆள் உங்கட டொக்டர் ஒராள்தான். அவர் எழுதாட்டில் இருக்கிறதை வச்சு முடிவெடுப்பினம்.”

அவள் போன பிறகு நான் தட்டைத் தொடவில்லை. தலையணையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். என்னை அனுப்புகிற தாள் என்று நினைத்துத்தான் நான் அதன்மேல் படுத்துக் கிடந்தேன். மறித்துவைத்தது என்னை வீட்டுக்கு விடக்கூடிய ஒரே தாளை.

சரி, எடுத்துக் கொடுக்கலாம். ஆரிடம்? எப்படிச் சொல்வது? மகனிடம் களவு எடுத்தேன் என்றா? வாய் வரவில்லை. ராணி சொன்னதும் சரியோ, அவளும் அவர்களிடம் சம்பளம் வாங்குகிறவள்தானே என்றும் மனம் ஓடியது. சந்தேகம் பிடித்தால் அப்படித்தான், ஓர் ஆளையும் விடாது.

பின்னேரம், நான் எதிர்பாராமல், டொக்டரே வந்தார். தொப்பியில் பனி. கிளினிக்கைப் பூட்டிவிட்டு நேரே வந்திருக்கிறார். மஞ்சள் கோப்புக்காரி பொறுத்துப் பார்த்து அவருக்கு ரெலிபோன் எடுத்திருக்கிறாள். “என்ன ஃபோம்? எனக்கு ஒன்றும் வரவில்லையே” என்று அவர் சொல்ல, இருவரும் நெடுநேரம் கதைத்திருக்கிறார்கள். எனக்கு அது அப்போது தெரியாது. கையெழுத்துப் போடத்தான் வந்திருக்கிறார் என்று போர்வையை இழுத்துக்கொண்டேன்.

கதிரையைக் கிட்ட இழுத்துப்போட்டு இருந்தார்.

“அம்மா, ஒண்ணு கேக்கறேன். உப்ப எவ்வளவு கொறைச்சீங்க?”

“முழுக்க.”

“முழுக்கன்னா?”

“ஒரு கல்லும் போடேல்லை.”

“அம்மாடி. தண்ணி?”

“ஆறேழு செம்பு.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ரத்தம் டெஸ்ட்டுக்கு எழுதிக் குடுத்தேனே?”

“கலண்டருக்குப் பின்னால கிடக்கு.”

ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஏசவில்லை. “ரிசல்ட் வரலையேன்னு நான்தான் போன் பண்ணிக் கேட்டிருக்கணும். கேக்கல. இதுல பாதித் தப்பு என்னோடதும்மா” என்றார்.

படித்த மனிசன் ஒருவர் என்னிடம் பிழை ஒத்துக்கொண்டது அதுதான் முதல்தடவை. எனக்கு வெட்கம் வந்தது. திரும்பி, தலையணை உறைக்குள் கையை விட்டேன். தாள் கசங்கி, தலையெண்ணெய் பட்டு, ஒரு மூலை மஞ்சளாகியிருந்தது.

அவர் வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தலையணையைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தார்.

“பொறுங்கோ” என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. “எழுதமுந்தி எனக்கு வாசிச்சுச் சொல்லுங்கோ. ஒவ்வொண்டையும்.”

வாசித்தார். குளிப்பது? தனியாக. நடப்பது? “என் கிளினிக் மாடிப்படி ஏறித்தானே வர்றீங்க” என்று சொல்லிக்கொண்டே எழுதினார். சமையல்? “ஆறு பேருக்கும் சமைப்பன், பலகாரமும் சுடுவன்.” வீட்டிலிருப்பது ஐந்து பேர். ஆறு என்று கூட்டிச் சொன்னேன், பயத்தில். மருந்தைத் தானே சரியாக எடுப்பாரா? அதற்கு அவர் பேனையை நிறுத்தினார்.

“இதுக்கு இல்லைன்னுதாம்மா போடணும்.”

“அப்பிடிப் போட்டால் அனுப்பிவிடுவினம்!”

“உண்மைய எழுதினாத்தான் மத்ததையும் நம்புவாங்க. உதவி வேணும்னு எழுதறேன். உதவி வேற, ஹோம் வேற.”

நான் அரைமனதோடு விட்டேன். கடைசித் தாளில் சின்னச் சின்னப் பெட்டிகள். அலைந்து திரிவாரா, அடிப்பாரா, பொருட்களை ஒளித்துவைப்பாரா. கடைசிப் பெட்டி: மற்றவர்கள்மேல் சந்தேகப்படுவாரா?

டொக்டர் எண்ணெய் பட்ட மூலையை விரலால் தடவினார். “என்னம்மா போடட்டும்?”

“உண்மையை எழுதவேணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

ஓம் என்ற பெட்டியில் சரி போட்டு, பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். அதையும் வாசிக்கச் சொன்னேன். “காரணம் இருக்கு. யாரும் இவங்களுக்கு எதையும் விளக்கிச் சொல்லல.” அதுதான் அந்த வரி.

அடுத்தநாள் மஞ்சள் கோப்புக்காரி திரும்ப வந்தாள். டொக்டர் சொன்னபடி இந்தமுறை மகனை வெளியே இருத்திவிட்டு, மொழிபெயர்க்க வேறொரு தமிழ்ப் பெண்ணைக் கொண்டுவந்தாள். குளியலறைக் கேள்விகளுக்கு நானே பதில் சொன்னேன், காதுக்குள் சொல்கிற மாதிரி. மணிக்கூட்டைச் சுற்றிவர எண் போட்டுக் கீறினேன். ஏழு ஏழாகக் கழிப்பது இரண்டாம் படியிலேயே பிழைத்தது. அது உப்பால் இல்லை, படிப்பால் என்று அவள் விளங்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் சோதனைக்கென்றே ஒரு சமையலறை இருக்கிறது. அங்கே தேத்தண்ணி போடச் சொன்னார்கள். போட்டு, அவளுக்கும் ஒரு கோப்பை கொடுத்தேன். அவள் குடித்தாள்.

வீட்டுக்கு அனுப்பினார்கள். கிழமையில் இரண்டு காலை ஒரு உதவிப் பெண் வருகிறாள். நாள் எழுதிய பெட்டியில் வசந்தி குளிசை அடுக்கிவைக்கிறாள். வெள்ளைக் குளிசையை நிறுத்திவிட்டார்கள். இரத்தம் எடுக்க ஒரு நேர்ஸ் வீட்டுக்கே வருகிறாள். முடிவு டொக்டருக்கும் போகிறது, மஞ்சள் கோப்புக்கும் போகிறது. எனக்கும் வாசித்துச் சொல்லவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். சொல்லாத நாளில் நேர்ஸை வாசலில் மறித்துக் கேட்கிறேன். அந்த இருவரும் என்னைப் பற்றிக் கதைப்பது எனக்கு இப்போதும் முழுதாகப் பிடிக்கவில்லை. ஆனால் கதைக்காமல் இருந்திருந்தால் நான் விட்பியில் இருந்திருப்பேன்.

வந்து சில நாள் கழித்து, மகன் வேலைக்குப் போகும் முன் குசினியில் வந்து நின்றான். ஃபோம் எங்கே இருந்தது என்று டொக்டர் அவனுக்குச் சொல்லியிருக்கிறார் போல.

“அம்மா, நான் உங்களை அனுப்பிப்போடுவன் எண்டு உண்மையாவே நினைச்சனீங்களோ?”

நான் கறியைக் கிண்டிக்கொண்டிருந்தேன். “நீ நினைக்கேல்லையோ?”

அவன் ஜக்கற் பித்தானைப் பூட்டினான், கழற்றினான்.

“ஒருநாள் நினைச்சனான்” என்றான். “வாட்டிலயும் நீங்கள் செத்துப்போன மாமாவைக் கூப்பிட்டுக் கத்தின அண்டைக்கு. எவ்வளவு காலம் காத்திருக்கவேணும் எண்டு அந்த மனுசியிட்டக் கேட்டனான்.”

நான் வாசலில் கண்டது சரிதான். பதினேழு நாளில் என் சந்தேகங்களில் சரியாக இருந்தது அது ஒன்றுதான். அதை அவன் மறைக்கவில்லை.

“நானும் உன்ர ஜக்கற் சேப்புக்குள்ள கை வச்சனான்” என்றேன். “ஜக்கற்றைக் கழட்டிப்போட்டு இரு. சாப்பிட்டிட்டுப் போ.”

இப்போது வீட்டில் எல்லாருக்கும் ஒரே சட்டிதான். அவன் ஒரு வாய் வைத்துப் பார்த்து, உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது என்றான். ஆனாலும் இடையில் கைகழுவ எழும்பாமல் முழுவதும் சாப்பிட்டு முடித்தான்.